"சார் எங்க வேலை பார்க்கறாரு?"

எனக்கு முதன்முதலாகப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் அத்தை, அதாவது தாய்மாமாவின் மனைவி. நல்ல மனசோடுதான் கற்றுக்கொடுத்தாள். யார் கேட்டாலும் அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும். ஏன் துபாய் என்று கேட்டேன். "அங்க இருக்கறவங்க எப்பவாவதுதான் வருவாங்க. யாரும் தேட மாட்டாங்க" என்றாள்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விவாகரத்தாகி, அம்மாவும் நானும் கிழக்குத் தாம்பரத்தில் மாமா வீட்டு ஹாலில் இருந்தோம். அங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று மாமா எல்லோரிடமும் சொல்வார். அம்மா மறுத்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வாடகைக்கு வீடு பார்க்கக் கிளம்பிவிடுவாள்.

அம்மா கணக்கு டீச்சர். வீட்டுக்காரர்களுக்கு டீச்சர் என்றால் ரொம்பப் பிடிக்கும். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கிணற்றுத் தண்ணீர் வற்றாது, ஸ்டேஷன் நடக்கிற தூரம், கொசுவே கிடையாது என்றெல்லாம் சொல்வார்கள். பிறகு, சார் எங்கே வேலை பார்க்கிறார் என்ற கேள்வி வரும். அம்மா உள்ளதைச் சொல்வாள். உடனே அவர்களுக்கு, நேற்றுத்தான் வேறு யாரோ பேசி முடித்துவிட்டுப் போனது ஞாபகம் வரும். குரோம்பேட்டையில் ஒருவருக்கு, மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வரப்போவதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெரியவர்களுக்கு எவ்வளவு மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீடு. இரண்டு அறை. பால்கனிக்குள் கிளை நீட்டிய கொய்யா மரம். பார்த்தவுடனேயே ஓர் அறையை எனக்கென்று மனசுக்குள் எடுத்துக்கொண்டுவிட்டேன். வீட்டுக்காரர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதும், அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அப்பா துபாய்ல இருக்காரு அங்கிள்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! எந்தக் கம்பெனி?"

அத்தை கம்பெனிப் பெயர்வரை சொல்லித்தரவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் என்ன சொன்னாலும் அவர் நம்பியிருப்பார். அம்மா என் தோளில் கை வைத்தாள்.

"இல்ல சார். இவ சொல்றது தப்பு. எனக்கு டைவர்ஸ் ஆயிடுச்சு. குடிவர்றது நாங்க ரெண்டு பேர்தான்."

அவர் கையிலிருந்த சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஃபேமிலிக்குத்தான் விடறதா இருக்கோம்மா."

"நாங்களும் ஃபேமிலிதான் சார்" என்று சொல்லிவிட்டு அம்மா படியிறங்கினாள். அவசரமே இல்லாமல், ஏதோ வீட்டை வாங்கியவள்போல நிதானமாக இறங்கினாள். இன்று அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அன்று அவமானத்தில் காது சுட்டது.

தெருவுக்கு வந்ததும் அழுதுகொண்டே கத்தினேன். "ஒரே ஒரு பொய்தானே! சொல்லியிருந்தா வீடு கிடைச்சிருக்கும்ல?"

அம்மா வண்டியைக் கிளப்பவில்லை. "கிடைச்சிருக்கும்" என்றாள். "அப்புறம் அங்க இருக்கற வரைக்கும் தினம் அதையே சொல்லணும். என்னால முடியாது. உன்னையும் சொல்லவைக்க மாட்டேன்."

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அத்தை என் பக்கம்தான்.

மூன்று மாதம் கழித்து, சேலையூர் தாண்டி மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றோம். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ்; கீழே தனியாக இருந்தார். அம்மா இந்த முறை கேள்விக்குக் காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"அதை நான் கேக்கவே இல்லியேம்மா. மோட்டார் போட்டா மறக்காம நிறுத்துவீங்களா? முன்னாடி இருந்தவங்க டேங்கை வழியவிட்டே என்னைப் பாடாப் படுத்திட்டாங்க."

அம்மா சத்தமாகச் சிரித்தாள். மாடியில் ஒரே அறை, ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

குடிபோன அன்று அம்மாவே பால் காய்ச்சினாள். மாமாவும் அத்தையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அம்மா கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து, பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவே வெறுந்தரையில் படுத்தாள். அப்போது மத்தியானம் ஒரு மணி. மூன்றாயிற்று, நாலரையும் ஆயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டேன், தோளைப் பிடித்து அசைத்தேன். "ம்" என்று புரண்டு படுத்தாளே தவிர கண்ணைத் திறக்கவில்லை. அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததே கிடையாது. பயந்துபோய்க் கீழே ஓடினேன்.

"ஆன்ட்டி, அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க!"

முழங்கால் வலியோடு அவர் மாடியேறி வந்தார். குனிந்து அம்மாவின் மணிக்கட்டில் நாடி பார்த்தார். நெற்றியைத் தொட்டார். பிறகு ஃபேனைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

"ஒண்ணும் இல்லடா கண்ணு. தூங்கறாங்க. தூங்கட்டும்."

தூக்கம்தான் என்றால் எல்லோரும்தான் தினம் தூங்குகிறோம். அதற்குப் போய் இவர் ஏன் வாசலில் கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் ஒவ்வொரு படியாக இறங்குகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.