மாப்ள மீனும் மஞ்சள் கட்டின பாட்டிலும்

"புழு பூரா செத்துடும் சார். இனிமே உங்க வூட்டுப் பக்கம் கொசுவே வராது பாருங்க."

கொசு மருந்து ஊத்த வந்த அந்த அம்மா இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நம் வாசல் கதவோரம் சாக்பீஸால் தேதி எழுதிக்கொண்டே சொன்னார். வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்பக்கக் கொட்டகைக்கு ஓடினேன். பச்சைத் தண்ணீர் கேன், அதற்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்த டப்பாக்கள், எல்லாவற்றிலும் மருந்து வாடை. டார்ச் அடித்துப் பார்த்தேன். துள்ளித் திரிந்த சிவப்புப் புள்ளிகள் எல்லாம் அடியில் தூசி மாதிரி படிந்து கிடந்தன.

பசங்களா, அப்பா மீன் கடையில் என்ன வேலை பார்த்தேன் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "தொட்டி கழுவினேன்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது பாதி வேலை. மீதிப் பாதி, மீனுக்குச் சாப்பாடு வளர்த்தது. வாங்கிப் போட்டது இல்லை, உசுரோடு வளர்த்தது. அதை எழுதி வைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

மாப்ள வந்தது

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் முதலாளிக்கு வண்ண மீன் கடை. தங்க மீன், கப்பி, ஃபைட்டர், இவைதான் வியாபாரம். கடல் மீன் நம் ஊருக்கு வந்ததே லாரிக்கார முனுசாமி அண்ணனால்தான். சொந்த லாரி வைத்து ஊர் ஊராக ஓட்டினவர். காலில் பலமாக அடிபட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் கடைக்கு ஃபோன் செய்து, ரீஃப் டேங்க் வேண்டும், பவளமும் கடல் மீனும் வைத்து வேண்டும் என்றார்.

"கடல் இருக்குற ஊருக்கெல்லாம் லோடு கொண்டுபோனேன்டா. எறக்கிட்டு ஒடனே திரும்பிட்டேன். ஒருநாள் கூட நின்னு பாக்கல. இப்ப அது என் வூட்டுக்கு வரட்டும்" என்று என்னிடம் சொன்னார்.

முதலாளி வரவழைத்துக் கொடுத்த மீன்களில் ஒன்று மாண்டரின். விரல் நீளம் இருக்கும். நீல உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள், சிக்குக் கோலம் போட்ட மாதிரி. கண்ணை உருட்டி உருட்டிப் பாறை மேல் நடந்துபோகும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் சாப்பிடாது. பெல்லட் உருண்டைத் தீனியை வாயில் வாங்கித் துப்பியது. உறைந்த இறாலைத் திரும்பியே பார்க்கவில்லை.

"பசிச்சா தின்னுட்டுப் போவுதுண்ணே" என்றார் முதலாளி.

அண்ணன் விடவில்லை. "ஏம்ப்பா, என் பொண்ணு கல்யாணமாகி மறுவூட்டுக்கு வந்த மாப்ள கூட இவ்ளோ அலட்டல் பண்ணல. அதுவும் வேணாம் இதுவும் வேணாம்னா வேற என்னதான் வேணுமாம் இவனுக்கு?"

அன்றிலிருந்து அந்த மீனுக்குப் பேர் மாப்ள.

மாப்ளைக்கு வேண்டியது பாறை மேல் உசுரோடு ஊர்கிற தீனி. காப்பிபாட் என்று பேர், கடையில் பாட்ஸ் என்போம். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். ரவையில் பாதிகூட இருக்காது. மாப்ள நாள் முழுக்க அதைத்தான் கொத்திக்கொண்டே இருப்பான். பெரிய தொட்டியாக இருந்தால் அதுவே பெருகிக்கொள்ளும். அண்ணன் தொட்டி அவ்வளவு பெரியது இல்லை. பாறையில் இருந்ததை மாப்ள சீக்கிரமே காலி செய்துவிட்டான். அதனால் நான் வளர்த்துக் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன்.

முதலாளி சிரித்தார். "மீன் வளத்தா ஒரு வேலை. மீனுக்குத் தீனி வளத்தா ரெண்டு. அந்தத் தீனிக்குத் தீனி வளத்தா மூணு. சம்பளம் ஒண்ணுதான்டா, இப்பவே சொல்லிட்டேன்."

அவர் சொன்னது சரிதான். மாப்ளைக்கு பாட்ஸ். பாட்ஸுக்குப் பச்சைத் தண்ணீர், அதாவது கண்ணுக்குத் தெரியாத பாசி. பாசிக்கு வெளிச்சமும் உரமும். நம் ஊர்த் தண்ணீர் ஆகாது என்று ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்துக்கொள்வேன். காற்றுக் குழாய் முனையில் குமிழியைப் பொடியாக்குகிற கல்லை மாட்ட மாட்டேன், பொடிக் குமிழி பாட்ஸுக்குச் சேராது. பெரிய குமிழியாக மெதுவாக வர வேண்டும். வெயில் காலத்தில் டப்பாக்களைச் சுற்றி ஈரச் சாக்கு. பச்சைத் தண்ணீரை மோந்து பார்ப்பேன். வெட்டின புல் வாசனை வந்தால் நன்றாக இருக்கிறது, அழுகின முட்டை வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

ஏர் பம்பின் 'கொர்ர்' சத்தம் அந்தக் கொட்டகையில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகளாக இருந்த உங்களை மத்தியானம் தூங்கப் போட்டால் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவீர்கள். கரண்டு போய்ச் சத்தம் நின்றால் ரெண்டு பேரும் முழித்துக்கொண்டு அழுவீர்கள். உங்கள் அம்மா உங்களிடம் ஓடுவாள், நான் பேட்டரி பம்பிடம் ஓடுவேன். அதற்கு இன்றைக்கும் எனக்குப் பேச்சு விழுகிறது. இப்போதுகூட எங்கேயாவது ஏர் பம்ப் சத்தம் கேட்டால் நான் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

மருந்து விழுந்தது

அது மழைக்காலம். தெருவெல்லாம் காய்ச்சல். கொசு மருந்து ஊத்துகிறவர்கள் வந்தபோது நானும் உங்கள் அம்மாவும் வீட்டில் இல்லை. வீட்டு ஓனர் அம்மாதான் கொட்டகையைத் திறந்துவிட்டு, "பின்னாடி பாருங்க, தண்ணி பச்சை புடிச்சு நிக்குது, புழு நெளியுது, கேட்டா மீனுக்குன்னு சொல்றான்" என்று காட்டிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஒரு டப்பாவையும் விடவில்லை.

நான் என்னவென்று கோபப்படுவேன்? மகளே, அந்தக் காய்ச்சலில் நீயும்தான் படுத்து எழுந்திருந்தாய். அவர்கள் செய்தது உனக்காகச் செய்த வேலை. "இல்லங்க, இது கொசுப்புழு இல்ல, நான் வளக்குறது" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டார். "ஐயையோ, இத யாருங்க வளப்பாங்க?" என்றார்.

சென்னையில் பாட்ஸ் விற்கிறவருக்கு ஃபோன் செய்தேன். மழையில் பார்சல் எடுப்பதில்லை, ஸ்டாக்கும் இல்லை என்றார். ஆர்ட்டீமியா என்கிற பொடி இறாலின் முட்டையைப் பொரிக்க வைத்துக் குஞ்சு விட்டுப் பார்த்தேன். அது தண்ணீர் ஓட்டத்தில் மிதந்து போனது. மாப்ள பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சில நாளில் அவன் வயிறு ஒட்டிவிட்டது. முதுகு கத்தி மாதிரி ஆனது. முனுசாமி அண்ணன் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் நகரவே இல்லை. "நீ சொல்லு, பொழைப்பானா?" என்றார். "பாக்குறங்க" என்றேன். "பாத்துக்கினே இருந்தா செத்துடுவான்டா" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு இண்டூர் ஞாபகம் வந்தது.

அக்கா வீட்டு ஜன்னல்

இண்டூரில் இருக்கிற என் அக்கா, உங்கள் பெரியத்தை, ஒருதடவை நம் வீட்டுக்கு வந்திருந்தபோது கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். "எப்படிடா இது பெருகுது?" என்றாள். "கொஞ்சூண்டு ஊத்துனா போதும்க்கா, தானா பெருகும்" என்றேன். "அப்ப எனக்கும் ஒரு உறை குடு" என்று ஒரு பாட்டிலில் வாங்கிக்கொண்டு போனாள். தயிருக்கு உறைமோர் வாங்குகிற மாதிரி. விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பாட்டிலில் கோடு போட்டு, தண்ணீர் குறைந்தால் கோடு வரை குடிக்கிற கேன் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு அதோடு மறந்தும் போனேன்.

வேலை முடித்து பஸ் பிடித்தேன். நான் போனபோது அக்கா அப்போதுதான் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, அந்த பாட்டில் இருக்குதா?"

"என் உறையா? இருக்குதே. வாரத்துக்கு ஒருவாட்டி நாக்குல தொட்டுப் பாப்பன், உப்பு சரியா இருக்குதான்னு."

சமையல்கட்டு ஜன்னலில் இருந்தது. வெயில் பட்டு பாட்டில் சுவரில் பாசி படர்ந்திருந்தது. டார்ச் அடித்தேன். சிவப்புப் புள்ளிகள் துள்ளின. எடுக்கக் கையை நீட்டினேன். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாத. விளக்கு வெச்சாச்சு. வெள்ளிக்கெழம வேற."

"இது தயிர் இல்லக்கா. கடல் பூச்சி."

"கொஞ்சூண்டு ஊத்துனா பெருகும்னு நீதான சொன்ன? அப்ப உறைதான். விளக்கு வெச்சப்புறம் உறை வூட்டத் தாண்டக் கூடாது. விடிஞ்சதும் எடுத்துக்கினு போ."

"அங்க ஒரு உசுரு பட்டினி கெடக்குதுக்கா."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "சரி, ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் போட்டுக் குடுக்குறன். அவசரத்துக்குப் பால் குடுத்தா அப்படித்தான் குடுப்போம்." சொல்லிவிட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள்.

"ஐயோ அக்கா! மஞ்சத்தூள் விழுந்தா அத்தனையும் செத்துடும்!" பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கொசு மருந்துக்குத் தப்பினது மஞ்சள் தூளில் போகப் பார்த்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா, அக்கா வீட்டுக்காரர், தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏம்மே, தூளத்தான உள்ள போடக் கூடாதுங்கறான். கெழங்க வெளிய கட்டேன். சாமி என்ன மூடியத் தொறந்தா பாக்கப் போவுது?"

அக்காவுக்கு அது சரியாகப் பட்டது. ஒரு காலி பாட்டிலைத் துடைத்து, பாதியை அதில் ஊற்றி, கழுத்தில் மஞ்சள் கிழங்கு ஒன்றை நூலால் கட்டினாள்.

"முழுசா குடுக்கா."

"உறைய முழுசா எவடா குடுப்பா? பாதி என் ஜன்னல்ல இருக்கும்."

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். காட்டிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னாண்ணே, மஞ்ச கட்டி எடுத்துக்கினு போறீங்க? விசேஷமா?"

"ஆமாங்க. மாப்ளைக்குச் சாப்பாடு போவுது."

நேரே முனுசாமி அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். தொட்டி மோட்டாரை நிறுத்தி, பாட்ஸைச் சல்லடையில் அலசி, ட்யூப் வழியாகப் பாறை ஓரத்தில் மெதுவாக இறக்கினேன். பாதியை வளர்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. மாப்ள கண்ணை உருட்டினான். நின்றான். ஒரு கொத்து. மறுபடி ஒரு கொத்து. அவன் முதுகைப் பார்த்த பிறகு எனக்கு மிச்சம் வைக்க மனசு வரவில்லை. இருந்ததை எல்லாம் விட்டுவிட்டேன்.

அண்ணன் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டார். உட்காருங்க என்றால் கேட்கவில்லை. "தின்றான் பாரு, தின்றான் பாரு" என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தார். கால் வலித்திருக்கும்.

வெளியே வரும்போது என் கையில் மஞ்சள் கட்டின காலி பாட்டில்தான் இருந்தது. அக்கா முழுசாகக் கொடுத்திருந்தால் அன்றைக்கு எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். மாப்ளைக்கு அது ஒருநாள் சாப்பாடாக ஆகியிருக்கும், அவ்வளவுதான். மறுநாள் பகலில் மறுபடி இண்டூர் போனேன். அக்கா மீதியில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். அந்தத் தண்ணீரில் இருந்துதான், மருந்து போகக் கழுவி வைத்த நம் கொட்டகை டப்பாக்கள் மறுபடி சிவந்தன. பெருகுகிற வரைக்கும் அளந்து அளந்து கொண்டுபோய் விட்டேன். மாப்ள தேறினான். அதன்பிறகு ரொம்ப காலம் அலட்டலோடு இருந்து வயசாகித்தான் போனான்.

கற்றுக்கொண்டது

அதற்கப்புறம் டப்பாக்களுக்கு வலை மூடி போட்டேன். மருந்து ஊத்துகிற அந்த அம்மாவைக் கூப்பிட்டு லென்ஸில் பாட்ஸைக் காட்டினேன். "அட, இதுக்கு வால் இருக்குதுங்க!" என்று சிரித்தார். பிறகு நம் வீட்டுக்கு வந்தால் "உங்க புள்ளைங்க நல்லாருக்குதா?" என்று டப்பாக்களைத்தான் கேட்பார்.

ஆனால் நான் கற்றுக்கொண்டது வலை மூடி இல்லை. உசுருள்ளது எதுவானாலும், நம்மிடம் இருப்பதில் கொஞ்சம் இன்னொருத்தர் வீட்டிலும் இருக்க வேண்டும். அது அவர்களுக்குக் கொடுத்தது மட்டும் இல்லை, நமக்கும் அதுதான் காவல். கடல் மீன் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பாட்டில் பாட்ஸ் கொடுத்துவிட்டேன். என்னிடம் எத்தனையோ தடவை அழிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் யார் வீட்டு ஜன்னலிலாவது இருந்தது.

கடையை விட்டு நின்றுவிட்டேன். முதுகு கேட்கவில்லை. நம் ஜன்னலில் மட்டும் ஒரு பாட்டில் இருக்கிறது, நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். போன வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒரு பையன் ஃபோன் செய்தான். "அண்ணா, என்கிட்ட இருந்த பாட்ஸ் பூரா போயிடுச்சுங்க. மாண்டரின் வயிறு ஒட்டிப்போய் நிக்குது. கொஞ்சம் கெடைக்குமாங்க?"

"வா, பாதி தரேன்" என்றேன்.

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "சீக்கிரம் வரச் சொல்லுங்க. விளக்கு வெக்குற நேரமாச்சு." சொல்லிவிட்டு, அவன் எப்படியும் தாமதமாகத்தான் வருவான் என்று மஞ்சள் கிழங்கும் நூலும் எடுத்து ஜன்னலில் வைத்தாள்.