நடையைப் பிடித்து வந்தவள்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் பார்த்தது மாப்பிள்ளையை இல்லை, அவருடைய அண்ணனை.

அப்போது நாங்கள் ராசா என்கிற ஊரில் இருந்தோம். வாசலில் கார் வந்து நின்றது. எல்லாரும் இறங்கி உள்ளே வந்துவிட்டார்கள். கடைசியாக அவர் இறங்கினார். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் மெலிந்துபோனவர். ஒரு கையால் தொடையை அழுத்தி, தோளைச் சாய்த்து, லேசாக ஒரு எழும்பு எழும்பி நடந்து வந்தார். ஜன்னல் ஓரமாக நின்று பார்த்த எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மாப்பிள்ளை என்ன நிறத்தில் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சமையலறைக்குப் போய் அண்ணியிடம் மெதுவாகச் சொன்னேன். "அண்ணி, எனக்கு அந்த மூத்தவரைத்தான் பிடிச்சிருக்கு. அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளுங்களேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. எப்போதும் கேலியும் கிண்டலுமாகத்தான் பேசிக்கொள்வோம். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஆனால் அந்தக் கேலி மட்டும் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. தீபாவளிக்கு ஆள் சேர்ந்தால் போதும், "மாப்பிள்ளையை விட்டுட்டு நொண்டி அண்ணனைக் கேட்டவ இவ" என்று அண்ணி ஆரம்பிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சன்னியாசம் எல்லாம் இல்லை. வந்த வரன்களை மூக்கு சரியில்லை, நாத்தனார் சரியில்லை என்று எதையாவது சொல்லித் தட்டிக் கழித்தேன், அவ்வளவுதான். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் சேர்ந்து, அங்கேயே சூப்பர்வைசராகி, தலை நரைத்தது. நாங்கள் பிறகு குடிபோன செரண்டாவிலிருந்து ரயிலில் போய் வருவேன். எப்போதாவது ஊன்றுகோலோடு ஒருவர் ஏறுவார். மற்றவர்கள் ஒன்று பரிதாபமாகப் பார்ப்பார்கள், இல்லையென்றால் பார்க்காத மாதிரி இருப்பார்கள். நான் ஆசையாகப் பார்ப்பேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்தவர் கஷ்டத்தில் உனக்கு என்னடி ஆசை என்று என்னையே திட்டிக்கொள்வேன். இப்படிப்பட்ட பிறவி உலகத்தில் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

ஒரே ஒரு முறை, கூட வேலை பார்த்த பெண்ணிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு ரொம்ப நல்ல மனசுக்கா" என்றாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நல்ல மனசாம்! பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவள் நான். எனக்கு யார் மேலும் இரக்கம் வரவில்லை, ஆசைதான் வருகிறது என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

வேலையிலிருந்து நின்ற பிறகு கையில் போனும் நேரமும் நிறைய இருந்தன. ஒருநாள் மனதில் இருந்த கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தேன். என்னைப் போன்றவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். சிலர் எழுதியதைப் படித்துவிட்டு, அலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் படித்தேன். எல்லாமே நல்லதாக இல்லை. மனிதர்களை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் கேட்டு அலைகிற கூட்டமும் இருந்தது. அதையெல்லாம் தள்ளிவிட்டுத் தேடியதில் நம் நாட்டுக் குழு ஒன்று கிடைத்தது. உடற்குறை உள்ளவர்களே நடத்துகிற குழு. அவர்களும், அவர்களை விரும்புகிறவர்களும் இருந்தார்கள். யாரையாவது பொருளாக நினைத்துப் பேசினால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். பல மாதம் வாயைத் திறக்காமல் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு அம்மா தமிழில் எழுதினார். "அசாம் ஜாவாவில் என் வீட்டில்தான் கூடுவோம். இந்த ஞாயிறு வாருங்கள்."

அசாம் ஜாவாவுக்குப் போகிற சாலையின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். பாதி வழியில் காரைத் திருப்பிவிடலாமா என்று யோசித்தேன். எனக்குப் பயம், என்னைப் போன்ற ஆசைக்காரர்களைப் பற்றி இல்லை. அவர்கள் புரிந்துகொள்வார்கள். சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருவர் என் முகத்தைப் பார்த்து, "நீ எங்களை வேடிக்கை பார்க்க வந்தவள்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் எனக்குப் போக இடம் ஏது?

அந்த அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. யாழ்ப்பாண வழிக் குடும்பம். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. "வாங்கோ, வாங்கோ, சாப்பாடு ஆறுது" என்று வாசலிலேயே அதட்டினார். உள்ளே ஏழெட்டுப் பேர். அரிசிச் சேமியாவில் பிரட்டிய மீகூன் வாசனை. பதற்றமாக இருந்தால் கண்ணில் படுகிற சாமான்களை ஒதுங்க வைப்பேன், அது என் கைப்பழக்கம். நாங்கள் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். குறுகலான வீடு. விருந்தாளி வந்தால் குடை, தலைக்கவசம், பை எல்லாவற்றையும் கையிலிருந்து வாங்கி வாசல் மூலையில் சாய்த்து வைத்தால்தான் உட்கார இடம் இருக்கும். மரியாதையும் அதுதான். சோபா ஓரத்தில் இரண்டு ஊன்றுகோல்கள் கிடந்தன. யாராவது தடுக்கி விழுவார்களே என்று எடுத்துக்கொண்டு போய், வாசல் மூலையில் குடைகளோடு அழகாகச் சாய்த்து வைத்தேன்.

திரும்பினால் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சோபாவில் உட்கார்ந்திருந்தவர்தான் பேசினார். அறுபதை ஒட்டிய வயது. வலது கால் முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிட்டது. "ஏங்க, என் தொங்காட் ரெண்டையும் கொண்டுபோய் வாசல்ல வச்சிட்டீங்களே. நான் கக்கூசுக்குப் போக வேணாமா லா?"

வீடே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஊன்றுகோல்களை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒன்றைக் கொஞ்சம் இழுத்து, கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் ஆசிரியை நாற்காலியை என் முன்னால் நகர்த்தி நிறுத்தினார். "புதுசா வாறவையிட்ட நான் ஒரு கேள்வி கேட்பன். நீங்கள் ஆளைப் பிடிச்சு வந்தனீங்களோ, நடையைப் பிடிச்சு வந்தனீங்களோ?"

ஆளைத்தான் என்று சொல்லியிருந்தால் சிக்கல் இல்லை. நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நல்ல மனசு பட்டத்தை இன்னொரு முறை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

"முதல்ல நடையைத்தான் பார்க்கிறேன்" என்றேன். "ஆள் பிடிக்கலைன்னா, நடை எவ்வளவு நல்லா இருந்தாலும் எழுந்து போயிடுவேன்."

ஆசிரியை தலையாட்டினார். "சிலருக்குக் கண் பிடிக்கும், சிலருக்குத் தலைமயிர். என்னைச் சிலபேர் நாற்காலியோட சேர்த்துக் காட்சிப் பொருளாப் பார்த்திருக்கினம். அதுதான் கேட்டனான். பொய் சொல்லியிருந்தா மீகூனைக் கட்டித் தந்து அனுப்பியிருப்பன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமும் சந்தோஷமும் கலந்த அழுகை. ஊன்றுகோல்காரர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். "கால் போனதுல இருந்து என்னைப் பார்த்து அழுதவங்க நெறைய பேரு. வெட்கப்பட்டு அழுத மொத ஆளு நீங்கதான்."

அவர் கோலசிலாங்கூரில் மின்விசிறி, மிக்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். மனைவி தவறிப் பல வருடம் ஆகிறது. அதிகம் பேசுவார், கொஞ்சம் முன்கோபி, சர்க்கரை வியாதி இருந்தும் இனிப்பைத் திருடித் தின்பார். இதையெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நடை அப்படியேதான் இருந்தது, நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதற்காக இப்போது என்னைத் திட்டிக்கொள்வதில்லை.

போன தீபாவளிக்கு அவரை, செரண்டாவிலேயே இருக்கிற அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். "கூட்டாளி ஒருத்தர் வர்றார்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் இரண்டு ஊன்றுகோலையும் ஊன்றி ஒரே வீச்சில் வாசல்படி ஏறியதைப் பார்த்ததும் அண்ணியின் முகம் மாறியது. என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பாவம், அந்த சாருக்கு யாரும் இல்லையா? நீதான் பார்த்துக்கிறியா?"

"பாவமெல்லாம் இல்ல அண்ணி. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு." பிறகு அசாம் ஜாவா கதையைச் சொன்னேன். அவருக்குக் காலாக இருக்கிற ஊன்றுகோல்களைக் கொண்டுபோய்க் குடைகளோடு நான் வைத்த கதையை. அண்ணி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முறுக்குத் தட்டைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"அப்போ, ராசாவுல அந்த மூத்தவரைக் கேட்டியே. அது விளையாட்டு இல்லையா?"

"இல்ல அண்ணி."

"நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"சொன்னேனே அண்ணி. மொத மொதல்ல உங்ககிட்டதானே சொன்னேன்."

அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, என்னையும் பார்க்காமல் விறுவிறுவென்று கூடத்துக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே அண்ணன், லயத்துப் பழக்கம் மாறாமல், வந்தவருக்கு மரியாதை செய்கிற நினைப்பில் இரண்டு ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டு வாசல் மூலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அதைத் திருப்பிக் கொண்டாந்து வைங்க" என்றார் அண்ணி. "அவர் கைக்கு எட்டணும்."

அண்ணன் ஒன்றும் புரியாமல் கொண்டுவந்து வைத்தார். அண்ணி அதில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டே நகர்த்திவிட்டு, தட்டை அவர் முன்னால் நீட்டினார்.

"எடுத்துக்குங்கண்ணே. இவ இந்த வீட்ல கேட்டு வாங்கினது ஒண்ணுமே இல்ல. ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டா. நான்தான் காதுல போட்டுக்கல."