கீறல் வெளியே, மரம் உள்ளே

செம்பூர் சப்ஸ்டேஷன் கேபிளுக்குள் பொறி பறக்கிறது, மீட்டர் டிஸ்சார்ஜ் காட்டுகிறது என்று போன் வந்த காலையிலேயே குற்றவாளியையும் முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு கேபிள் துண்டுகளை இணைத்து ஜாயிண்ட் போட்ட காதர் பாய். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கேபிள் செய்தது விக்ரோலியில் இருந்த எங்கள் கம்பெனி. நான் அங்கே டெஸ்டிங் லேபில் இருந்தேன்.

லைனை நிறுத்தி, ஜாயிண்டை வெட்டிக் கொண்டுவந்தார்கள். கம்பியைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் இன்சுலேஷன் மேல், மேலுறையை உரிக்கும்போது கத்தி பட்ட தடம் மங்கலாகத் தெரிந்தது. மேனேஜர் அதைத் தட்டிக் காட்டினார்.

"ஜாயிண்டர் மிஸ்டேக், மேடம். ரிப்போர்ட் எழுதுங்க. இன்னிக்கே அவர் பாஸ் கேன்சல்."

அந்த அனுமதிச் சீட்டு போனால் ஹை வோல்டேஜ் வேலையே அவருக்குக் கிடையாது. "கீறினது நீங்களா பாய்?" என்று வாசலருகே நின்றவரைக் கேட்டேன்.

"நாந்தாம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா எமரி பேப்பர் போட்டுத் தேச்சிட்டுத்தான் மூடுனேன். நகத்த வச்சுப் பாருங்க, தட்டாது."

தட்டவில்லை. எனக்குச் சுருக்கென்றது. முன்பு இரண்டு ரிப்போர்ட்டில் மேலே கீறலைப் பார்த்ததுமே 'ஜாயிண்டர் தவறு' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போன மகராசி நான்தான்.

"நாளைக்கு எழுதறேன் சார். இப்ப எண்ணெய் காய வைக்கணும்."

"பஜ்ஜி போடப் போறீங்களா?"

மின்சாரம் பிளாஸ்டிக்கை ஒரே அடியில் துளைப்பதில்லை. எங்கேயோ ஒரு காற்றுக் குமிழியில் சின்னப் பொறியாக ஆரம்பித்து, அரித்து அரித்து மரம்போல் கிளை விடும். வேர் எங்கே இருக்கிறதோ, தவறும் அங்கேதான். கேபிள் வெடித்திருந்தால் வேரும் கரிந்திருக்கும். நல்லவேளை, வெடிக்கவில்லை.

இன்சுலேஷனை வில்லை வில்லையாக நறுக்கிச் சூடான சிலிக்கான் எண்ணெயில் போட்டேன். வெள்ளை மறைந்து கண்ணாடியாகத் தெளிந்தது. ஐந்து வில்லையில் ஒன்றுமில்லை. ஆறாவதில் பார்த்தேன், அடடா! கீறலுக்குக் கீழே சுத்தம். மரம் உள்ளே, கம்பியை ஒட்டி நின்றது. வேரில் ஊசிமுனைக் குமிழி.

மேனேஜர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிர வெகுநேரமாயிற்று. "இது நம்ம மெஷின்ல வந்த குமிழி ஆச்சே."

"ஆமா சார். கத்தி அவ்வளவு ஆழம் போகாது. எழுதட்டுமா?"

"எழுதுங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது.

புதுக் கேபிளுக்கும் காதர் பாய்தான் ஜாயிண்ட் போட்டார். முழு வோல்டேஜ் ஏற்றினோம். டிஸ்சார்ஜ் மீட்டர் அசையவே இல்லை. நான் சின்னப் பிள்ளைபோல் கை தட்டினேன்.

"எம்மா, பஜ்ஜி நல்லா வெந்துட்டு போல!" என்று அவர் சிரித்தார்.

எண்ணெய் காயாமல் யார் பெயரும் ரிப்போர்ட்டில் ஏறக் கூடாது என்பதை அன்று கற்றேன். மறுநாள் அந்தப் பழைய இரண்டு ரிப்போர்ட்டுக்கான கேபிள் துண்டுகளையும் அலமாரியிலிருந்து இறக்கி எண்ணெயில் போட்டேன். ஒன்றில் தவறு கத்தியுடையதுதான். இன்னொன்றில் மரம் உள்ளே இருந்தது. ரிப்போர்ட்டைத் திருத்தி, என்னால் ரத்தான பாஸைத் திரும்ப வாங்கி, அந்த ஜாயிண்டருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.