மதில்மேல் வந்த கை

எங்கள் அப்பாவின் வலது கை, அவரைத் துணைக்கு அழைக்காமல், தனியாக வந்து எங்களுக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போகிறது என்று ஒரு தவக்காலம் முழுவதும் நான் நம்பினேன். பிறகு நாலு புத்தகம் படித்து, எதையும் நம்பாதவள் என்று பெயர் வாங்கிவிட்டேன். அந்த நம்பிக்கைக்கு ஈடான ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

ஒரகடம் பக்கம் அப்போதுதான் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. கார்க் கதவுக்குத் தகடு அடிக்கும் சின்னக் கம்பெனி ஒன்று எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே வந்தது. அப்பா அதில் பிரஸ் மிஷின் ஓட்டினார். மிஷின் அடிக்கும்போதெல்லாம் எங்கள் தரை அதிரும், டிரம்மில் இருக்கும் தண்ணீரில் வட்டம் விழும். சாம்பல் புதனுக்குச் சற்று முன்பு அந்த மிஷின் தகட்டோடு சேர்த்து அப்பாவின் வலது கையையும் அடித்துவிட்டது. மணிக்கட்டுக்குக் கீழே வெறும் கட்டோடு வீடு வந்தவர், சுவரைப் பார்த்துப் படுத்தார். பேச்சு நின்றது. தரையதிர்வு நிற்கவில்லை.

கை எங்கே என்று சித்தப்பாவைக் கேட்டேன். சாவு வீட்டிலும் ஜோக்கடிக்கிற ரகம் அவர். அந்த வியாதிதான் என்னையும் பிடித்து, இன்று பத்திரிகைகளில் எழுத வைத்திருக்கிறது.

"கையா? அது கம்பெனியிலயே கீதும்மா. ஓ.டி. பாத்துக்கினு கீது. முடிஞ்சா வூட்டுக்கு வரும்."

"கொழந்தைகிட்ட பேசற பேச்சாய்யா இது?" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள். ஆனால் பேச்சு என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டில் அரிசி குறைந்துகொண்டே வந்தது. அந்தச் சமயத்தில்தான் கேரியர் வந்தது. மத்தியான இடைவேளையில் மிஷின் நிற்கும். தரை செத்ததுபோல் ஆகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், எங்கள் மதிலின் உள்பக்க ஆணியில் ஒரு டிபன் கேரியர் தொங்கும். தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அம்மா குழம்பை நக்கிப் பார்த்தாள். "தேங்கா அரச்சி ஊத்திக்கிறாங்க. நம்ம பக்கத்து ஆளுங்க இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "யாரு குடுத்தா இன்னா, ஆண்டவர் அனுப்பனதுதான். துன்னு" என்றாள்.

அப்பா மட்டும் அதைத் தொடவில்லை. முதல் நாள் தலையைத் திருப்பி, நசுங்கியிருந்த அதன் மூடியை ஒரு தரம் பார்த்தார். பிறகு மறுபடியும் சுவர். எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பாத்திரமும் காலியாகத் திரும்பாது. அம்மா கேரியரைக் கழுவி ஒரு பிடி சர்க்கரை போடப் போனாள். சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் போடாத. வெறுமனே மாட்டு."

அந்த நாட்களில் அவர் பேசியது அவ்வளவுதான். மாலை ஜெபத்தில் மட்டும் அவர் குரல் கேட்கும். அதிலும், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதாகச் சொல்லும் இடம் வந்ததும் குரல் அறுந்துவிடும், அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளும். சளி என்று நினைத்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போட்டுத் தண்ணீர் டிரம்மின் பின்னால் ஒளிந்திருந்தேன். மிஷின் நின்றது. தண்ணீர் கண்ணாடிபோல் ஆனது. மதில்மேல் ஒரு கை வந்தது. கம்பெனியில் அப்பா போடும் அதே வெள்ளைக் கையுறை. உடம்பு இல்லை, தலை இல்லை. விரல்கள் சுவரைத் தடவித் தடவி ஆணியைத் தேடின, கேரியரை மாட்டின, நழுவி மறைந்தன. வலது கை.

எனக்குக் கொஞ்சம்தான் பயம். மீதி மனத்தாங்கல். இவ்வளவு தூரம் வந்த கை உள்ளே வந்து தன் இடத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாதா? தேங்காய் அரைக்க எங்கே கற்றது? அப்பா வேறு அதற்குச் சர்க்கரைகூடத் தர மாட்டேன் என்கிறாரே, கோபித்துக்கொண்டு வராமல் போனால்?

மறுநாள், கேரியர் ஆணியில் ஏறியதும் எகிறிப் பிடித்தேன். கை உதறியது. கையுறை என் பிடியில் கழன்று வந்துவிட்டது. உள்ளே கை இல்லை. சூடு மட்டும் இருந்தது.

நான் போட்ட அலறலில் அப்பா எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். படலைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தான். கம்பெனிச் சட்டை, அரும்பு மீசை, இரண்டு கையும் முழுசாக. அவனைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன்.

"அண்ணே," என்றான். தெற்கத்திப் பேச்சு. "டார்கெட் முடியணும்னு ஒரு பட்டன நாந்தாம்ணே துணியால கட்டிவச்சேன். ஷிஃப்ட் மாறும்போது அவுக்க மறந்துட்டேன்ணே."

அந்த மிஷினில் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அமுக்கினால்தான் அடி இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. ஒன்றைக் கட்டிவிட்டால், மற்றதில் லேசாகப் பட்டாலே போதும்.

"தெரியும்," என்றார் அப்பா. "கேரியரையும் தெரியும். ஒரே பெஞ்சில உக்காந்து துன்னவங்கதான?"

அப்பா அவனுடைய இரண்டு கைகளையும் பார்த்தார். தரை இன்னும் அதிரவில்லை.

"இத்தினி நாளா உன் சோத்த இங்க மாட்டிட்டுப் போனா, நீ இன்னா துன்ன?"

அப்பா அம்மாவிடம் திரும்பினார். "இன்னொரு தட்டு வை."

அப்பா இடது கையால் சாப்பிட்டார். பாதி பாயில் விழுந்தது. அவன் தட்டுக்குமேல் குனிந்து அழுதுகொண்டேயிருந்தான்.

"கொழம்புல ஏற்கெனவே உப்பு தூக்கலா கீது. நீ வேற ஏத்தாதப்பா," என்றாள் அம்மா.

சங்கு ஊதியதும் அவன் எழுந்தான். அப்பா இடது கையால் சர்க்கரை டப்பாவைத் திறந்து, கழுவிய கேரியரில் ஒரு பிடி போட்டார். முக்கால்வாசி எறும்புக்குப் போனது.

அன்று மாலை ஜெபத்தில் அந்த இடம் வந்தது. அப்பாவின் குரல் தடுமாறியது, ஆனால் அறுபடாமல் அதைக் கடந்துபோனது. ஒருவழியாக அவருக்குச் சளி சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் அம்மா மூக்கை உறிஞ்சினாள். அவளுக்குத் தொற்றிக்கொண்டுவிட்டதே என்று கவலைப்பட்டேன்.