விஜி அக்கா ஒரு விரலில் டைப் அடித்த வெள்ளிக்கிழமை

முகம் தெரியாதவர்களோடு பேசக்கூடாது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட நான், முகம் தெரியாதவர்களோடு பேசுவது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கினேன்.

மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில், தொண்ணூற்றெட்டில் திறந்த பிரவுசிங் சென்டர் அது. ஐந்து கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். ஓனர் நாகராஜ் சார். நான் சுமதி, அங்கே இன்ஸ்ட்ரக்டர். மூன்று மாதம் முன்னால் கற்றுக்கொண்டதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் என்று அர்த்தம். அதிகம் கற்றுக்கொடுத்தது ஐ.ஆர்.சி. சாட். படம் கிடையாது, குரல் கிடையாது. ஒரு ரூமின் பெயரை அடித்து உள்ளே போனால், உலகத்தின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள். நாமும் எழுதி என்டர் தட்டினால் நம் வரி எல்லோர் திரையிலும் விழும், அவ்வளவுதான். மோடம் கத்தி முடிக்கும்வரை சாமி கும்பிடுகிற முகத்தோடு காத்திருந்த சக பாவிகளே, உங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

ஒன்பது எழுத்து

சாட் ரூமுக்குள் போக முதலில் ஒரு பெயர் வேண்டும். நாங்கள் போன சர்வரில் ஒன்பது ஆங்கில எழுத்துக்கு மேல் இடம் தராது. மாதேஸ்வரன் மலையில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த ஒருவர், மண்டியில் சரக்குக் கட்டி முடிக்கும்வரை பொழுது போகட்டும் என்று மாடியேறி வந்தார். பெயர் கேட்டேன். இனிஷியல், அப்பா பெயர், ஊர் எல்லாம் சேர்த்துச் சொன்னார். வெறும் பெயர் போதும் என்றேன். மாதேஸ்வரன் என்றார். ஆங்கிலத்தில் எண்ணினால் பதினொன்று.

கடைசி இரண்டு எழுத்தை நானே எடுத்துவிட்டு உள்ளே அனுப்பினேன். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அவருக்கு வணக்கம் சொன்னார், இவரும் திரையைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டார். அரைமணி நேரம் சந்தோஷமாகப் பேசிவிட்டு, கிளம்பும்போது என்னிடம் குனிந்து சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, மலையேறி மொட்டை போட்டு எங்கம்மா வெச்ச பேருங்க அது. நீங்க வாலை வெட்டிப்போட்டது எங்க ஊட்டுக்குத் தெரிய வேண்டாமுங்க."

எந்த ஊர்த் தமிழ்?

அப்பா ரயில்வே. நான் படித்ததெல்லாம் கன்னட மீடியம். வீட்டில் தமிழ் பேசுவோம், ஆனால் தமிழ்ப் பத்திரிகை கையில் கிடைத்தால் நான் படம் மட்டும்தான் பார்ப்பேன். ஊரிலிருந்து வருகிற அத்தை மகள்கள் கடைப் போர்டை வாசிக்கும்போது, எனக்கு வேறு எங்கேயோ பார்க்கவேண்டிய அவசியம் வந்துவிடும். சாட் ரூமில் அந்தக் கவலை இல்லை. அங்கே எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தமிழில் எழுதினேன், எழுதியது புரிந்து பதில் வந்தது. அன்று பஸ்ஸில் போகும்போது எனக்குள் இருந்த கர்வத்துக்கு ஒரு சீட் போதவில்லை.

நான் எழுதியதில் நடுநடுவே கன்னட வார்த்தை தானாக வந்து விழும். எங்கள் வீட்டில் சண்டைகூட இரண்டு மொழியில்தான் நடக்கும், நான் என்ன செய்ய. அந்தத் தமிழ் ரூமுக்கு ஒரு ஆபரேட்டர் உண்டு. பெயருக்கு முன்னால் @ என்ற குறி இருக்கும். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே தள்ளுவது என்பது அவர் இஷ்டம். மெல்போர்னில் இருந்த அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மிளகு. அந்தக் குறி என் பெயருக்கு முன்னால் ஒரு நாளாவது வராதா என்று எனக்கு ஒரே ஏக்கம். நான் அடித்ததை ஒரு வாரம் படித்துப் பார்த்துவிட்டு மிளகு எழுதினார்: "இது எந்த ஊர்த் தமிழ்னு தெரியல. ஆனா புரியுது, தைரியமா எழுதுங்க."

போனை எடுத்த ஓனரம்மா

கடைக்கு மேல் மாடியில் ஓனர் வீடு. அதே லைனில் அங்கேயும் ஒரு போன். குண்டலுபேட்டையில் இருக்கும் தங்கையோடு பேசலாம் என்று ஓனரம்மா ரிசீவரை எடுத்தால், கீழே ஐந்து பேருடைய உலகமும் ஒன்றாக அறுந்துவிடும். ஒரு நாளில் நாலு தடவை அறுந்தபோது நான் படியேறிப் போய்ப் பேசினேன். அவருக்குக் கன்னடம் மட்டும்தான். கோபித்துக்கொள்வார் என்று பயந்திருந்தேன். அவரோ என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்து, ரகசியம் மாதிரிச் சொன்னார்: "எடுத்ததும் உள்ளே ஏதோ அழற சத்தம் கேட்குதும்மா. பாவமா இருக்கேன்னு நானே உடனே வெச்சுடறேன்."

நோட்பேடில் முதல் மார்க்

ஒரு திங்கள்கிழமை மாலை விஜயலட்சுமி என்கிற விஜி அக்கா வந்தார். அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட், பதினோரு வருஷ சர்வீஸ், டைப்ரைட்டிங்கில் சீனியர் கிரேடு முதல் வகுப்பு. இதையெல்லாம் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். கணவர் மணி மஸ்கட்டில் ஒரு கட்டட கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவருக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது, வருகிற சனிக்கிழமை அடுத்த இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறார். போட்டால் திரும்ப முடியாது. ஒரு சம்பளத்தில் மைசூரில் குடும்பம் ஓடாது என்பது அவர் கணக்கு. ஆனால் அன்று காலைதான் விஜி அக்காவுக்குப் பிரமோஷன் ஆர்டர் வந்திருந்தது. அது மஸ்கட்டில் இருப்பவருக்குத் தெரியாது.

கடிதம் போனால் பன்னிரண்டு நாள். கம்பெனிக்கு போன் போட்டால் தொழிலாளர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கமாட்டார்கள். அவர் கடைசிக் கடிதத்தில் ஒரு வழி எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை அங்கே லீவு, நண்பர் ஒருவர் ஆபீசைத் திறந்துவிடுவார், நம் நேரம் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை தமிழ் சாட் ரூமில் இருப்பேன், கம்ப்யூட்டர் என்ன பெயர் கொடுக்குமோ தெரியாது, நீ வந்தால் நான் கண்டுபிடித்துக்கொள்வேன் என்று. நான்கு நாளில் எனக்குச் சாட் வரவேண்டும் என்றார் அக்கா.

எங்கள் கடையில் ஒரு பழக்கம். போன் லைன் வீணாகக் கூடாது என்று புதியவர்களுக்கு நோட்பேடில்தான் பயிற்சி. அக்கா உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பத்து விரலும் தனித்தனியாக வேலை செய்வதை அந்தக் கடை அதுவரை பார்த்ததில்லை. ஆபீஸ் கடிதம் மாதிரியே வரிக்கு வரி, ஒரு பிழை இல்லை. மூன்று நாளில் நான் கற்றுக்கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை என்று நினைத்தேன், என் மாணவி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். நாகராஜ் சார் நெடுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "சுமதி, இதுல யாருக்கு யார் இன்ஸ்ட்ரக்டர்?"

எட்டு வரி

வெள்ளிக்கிழமை ஆபீசில் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்தார் அக்கா. நல்ல புடவை, தலையில் பூ. யாரும் பார்க்கப்போவதில்லை என்று நான் சொல்லவில்லை. மேலே ஓனரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். போன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாமியாரைக்கூடத் தொடவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ரூமுக்குள் அக்காவை அனுப்பினேன். நாற்பது பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் மணி.

அக்கா கீபோர்டில் கை வைத்தார். பதட்டம். பதினோரு வருஷப் பழக்கம் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஃப்ரம் என்று அடித்து என்டர். பெயர், என்டர். டைப்பிஸ்ட், என்டர். மைசூர், என்டர். டூ, என்டர். கணவர் பெயர், என்டர். சப்ஜெக்ட், ரெஃபரன்ஸ். நோட்பேடில் அழகான கடிதமாக இருந்தது இங்கே எட்டுத் தனி வரியாக, கண் மூடித் திறப்பதற்குள் நாற்பது பேர் முன்னால் கொட்டியது. விளம்பரத்தைக் கொட்டும் இயந்திரங்களைப் பிடிக்க அந்த ரூமில் ஒரு காவல் புரோகிராம் உண்டு. அது அக்காவை இயந்திரம் என்று முடிவுசெய்து வெளியே தள்ளிவிட்டது. அதோடு விடாமல், எங்களுக்கு இணைப்புக் கொடுத்த கம்பெனி வழியாக யாருமே நுழையக்கூடாது என்று தடையும் போட்டுவிட்டது. என் பெயரில் போய்ப் பார்த்தேன், கதவு மூடியிருந்தது. லைனை வெட்டித் திரும்ப டயல் செய்தேன், அப்போதும் மூடியிருந்தது. நேரம் பத்து ஐம்பது.

தப்பு என்னுடையது. நோட்பேடில் அவர் வரிக்கு வரி என்டர் தட்டியதை மூன்று நாளும் பார்த்து ரசித்தவள் நான்தான். அதை அக்காவிடமே சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "ரெஃபரன்ஸ் வரைக்கும் வந்துட்டேன் சுமதி. அதுக்குக் கீழதான் விஷயமே இருந்துது."

ஒரு விரல்

ரூமுக்குள் போகத்தான் தடை, தனியாக ஒருவருக்குச் செய்தி அனுப்பத் தடையில்லை. மிளகுக்கு எழுதினேன். அது இயந்திரம் இல்லை, எங்கள் விஜி அக்கா, டைப்பிஸ்ட் என்றேன். அவர் நம்பவில்லை. அந்தக் கம்பெனி வழியாக நிறையத் தொல்லை வந்திருக்கிறது, அவரையே பேசச் சொல் என்றார். அக்கா உட்கார்ந்து முழு வேகத்தில் நாலு வாக்கியம் அடித்தார். மரியாதையான, பிழையில்லாத நாலு வாக்கியம். இப்படி எந்த மனுஷரும் அடிக்கமாட்டார் என்று மிளகு பதில் எழுதினார்.

அக்கா, ஒரே ஒரு விரலால் அடியுங்கள், தேடித்தேடி அடியுங்கள், இரண்டு தப்பும் விடுங்கள் என்று கெஞ்சினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். பிறகு ஒன்பது விரலை மடக்கி, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். என் கணவர் அங்கே இருக்கிறார், நாளை கையெழுத்துப் போடுவதற்குள் நான் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று. அதை அடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. அதைப் படித்த மிளகு நம்பினார். பிறகு, மைசூர் விஜயலட்சுமியைத் தேடுபவர் யார் என்று ரூமில் கேட்டிருக்கிறார். கெஸ்ட் நாற்பத்தேழு என்ற பெயரில் இருந்த ஒருவர், நான்தான், நான்தான் என்று இரண்டு தடவை எழுதினாராம்.

உங்கள் வேகத்துக்குத் தனி ரூம் திறந்துகொள்ளுங்கள், அவரை அங்கே அனுப்புகிறேன் என்றார் மிளகு. அக்காவின் கம்ப்யூட்டரிலேயே ஒரு ரூம் திறந்தேன். புது ரூமுக்குள் முதலில் நுழைபவர்தான் ஆபரேட்டர். நான் மூன்று மாதம் ஏங்கிய @ குறி, நாலு நாள் மாணவியின் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. ஒரு நொடி வயிறு எரிந்தது உண்மை. அடுத்த நொடி கெஸ்ட் நாற்பத்தேழு உள்ளே வந்தார். நான் திரும்பி நின்றுகொண்டேன். பத்து விரலும் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, இவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன் என்கிற பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. பதினொன்றரைக்கு அக்கா எழுந்தார். என்ன சொன்னார் என்றேன். யோசிக்கிறேன் என்றாராம். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து அக்கா சொன்னார்: "என்ன முடிவு பண்ணாலும் பண்ணட்டும். ஆனா அந்த மிளகுகிட்ட சொல்லு, ஒரு விரல்ல அடிச்சப்பகூட நான் ஒரு தப்பும் விடலை."

பதில்

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. மணி கையெழுத்துப் போட்டுவிட்டார், அக்காவுக்கு என் முகத்தில் விழிக்க மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன். பத்தரை மணி ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் வேறு யாரையும் உட்காரவைக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாவது வாரம், வெயிலில் கறுத்த, ஒல்லியான ஒருவர் கையில் பேரீச்சம்பழப் பெட்டியோடு மாடியேறி வந்து, சுமதி யார் என்று கேட்டார். பின்னால் விஜி அக்கா, மூச்சிரைக்க, முகம் முழுக்கச் சிரிப்பு.

பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு மணி அண்ணன் சொன்னார்: "கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமான்னு நான் ஒரு வரி அடிக்கறதுக்குள்ள இவ பத்து வரி அடிச்சுட்டாம்மா. இவளுக்கு அடிச்சுப் பதில் சொல்லி மாளாது, நேர்ல போயே பேசிக்கலாம்னு வந்துட்டேன்."

உலகத்தோடு பேச ஐந்து கம்ப்யூட்டர் வைத்திருந்த கடையில் நான் செய்த ஒரே பெரிய சாதனை, இரண்டு பேருக்கு இனிமேல் எங்கள் கடையே தேவையில்லாமல் செய்ததுதான்.