மூன்றாம் பக்கம், இருபத்தேழாம் கேள்வி

எங்கள் விவரப் படிவத்தில் நான்கு பக்கங்கள், முப்பத்தெட்டு கேள்விகள். அத்தனையும் நான் எழுதியவை.

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். புதுச்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க ஒரு தன்னார்வலர் குழு தொடங்கியபோது, என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு ஊசி போடத் தெரியாது. புண்ணுக்கு மருந்து கட்டத் தெரியாது. ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். எழுத மட்டும் தெரியும். ஆகவே படிவத்தை எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏற்பாடு எளிமையானது. ஆளுக்கு நான்கைந்து வீடுகள். வாரம் ஒரு முறை போய், கேள்விகளைக் கேட்டு, படிவத்தை நிரப்பிக்கொண்டு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் கூடுவோம். டாக்டர் ஒவ்வொரு படிவத்தையும் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பார். படித்து முடித்த பிறகுதான் அந்த வாரம் அவரும் நர்ஸும் வேனில் எந்தெந்த வீட்டுக்குப் போவது என்று முடிவாகும். படிவத்தில் இல்லாதது வேனுக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் நான் வாரம் முழுவதும் காத்திருந்தேன். ஒரு டாக்டர் என் வாக்கியங்களை வாய்விட்டுப் படிக்கிறார். ‘நோயாளியின் மேற்புறத் தோலில் அழுத்தப் புண்கள் ஏதேனும் காணப்படுகின்றனவா?’ என்ன ஒரு கம்பீரம்! வேலையில் இருந்த காலமெல்லாம் நான் எழுதியதை யாரும் இப்படிப் படித்ததில்லை. கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அவள் வந்து சேர்ந்தாள்.

நாற்பது வயதிருக்கும். நெடுஞ்சாலையோரம் ஒரு லாரி ஆபீஸில் வேலை. வண்டி கிளம்பும்போது டிரைவர்களிடம் விவரம் கேட்டு டிரிப் ஷீட் எழுதுவது அவள் பொறுப்பு. முதல் ஞாயிறே என் படிவத்தைக் கையில் வாங்கி, நான்கு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்கக்கா, இது படுத்திருக்கறவங்களுக்கா, மேலாபீஸுக்கா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் என் காதை விட்டுப் போகவில்லை.

அவள் கேலி செய்துவிட்டுப் போகிறவளாக இருந்தால்கூட மன்னித்திருப்பேன். விளக்கமும் சொன்னாள். டிரைவரிடம் போய் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லா இருக்குங்க என்றுதான் சொல்வானாம். கோளாறு என்று சொன்னால் வண்டி பட்டறைக்குப் போய்விடும், அவனுக்கு டிரிப் போய்விடும். அதனால் அவள் அப்படிக் கேட்பதே இல்லை. கடைசியாக எந்த டயரை மாற்றினாய், காற்று எங்கே பிடித்தாய், பிரேக்குக்கு எண்ணெய் எப்போது ஊற்றினாய் என்றுதான் கேட்பாள். அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. நம் ஊர் வீடுகளும் அப்படித்தான், வீட்டுக்கு வந்தவர்களிடம் யார் குறை சொல்வார்கள், சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு நல்லா இருக்கறோமுங்க என்றுதானே சொல்வார்கள் என்றாள்.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது.

புதுப் படிவத்தை எழுதித் தரச் சொல்லி அவளிடமே கேட்டார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான்தான் மேற்பார்வை என்றும் சொன்னார்கள். எனக்கு மிச்சம் வைத்த எலும்புத்துண்டு அது. அதன் பிறகு அவளிடம் எனக்குப் பிடிக்காதவை ஒவ்வொன்றாகப் பெருகின. அவள் கொண்டுவரும் மோர் எல்லாருக்கும் பிடித்தது, எனக்குப் புளித்தது. ஸ்கூட்டியை நிழல் பார்த்து நிறுத்துவாள், அது பிடிக்கவில்லை. டாக்டர் ஒரே கூட்டத்தில் எத்தனை முறை அவளைப் பார்த்துத் தலையாட்டினார் என்று கணக்கு வைத்திருந்தேன். ஒன்பது முறை. என்னைப் பார்த்து ஒரு முறை, அதுவும் ஜன்னலைத் திறக்கச் சொல்லி.

இரண்டு வாரத்தில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரே பக்கம், பதினொரு கேள்விகள். நேராக என் வீட்டுக்கே வந்தாள்.

“அக்கா, நீங்க ஒருக்கா பாத்து உட்டீங்கன்னா தைரியமா அச்சுக்குக் குடுத்துருவேனுங்க,” என்றாள்.

வாங்கிப் படித்தேன். ‘கடைசியா எப்பப் பொரட்டிப் படுக்க வெச்சீங்க?’ ‘நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாரு, எத்தன வாய்?’ பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள். குறை சொல்லக் குறியாகத் தேடினேன். இரண்டு பிழை கிடைத்தது, திருத்தினேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. என் பழைய படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருபத்தேழாவது கேள்வி: ‘பராமரிப்பவரின் உடல்நிலை: நலம் / நலமின்மை’. அவளுடைய பதினொன்றிலும் அது இல்லை. நோயாளியைப் பற்றி எல்லாம் கேட்டிருந்தாள். பார்த்துக்கொள்கிற ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு வரி. அவள் அங்கேயே உட்கார்ந்து பேனாவால் எழுதியிருப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஓட்டை இருக்கட்டும், ஒருநாள் அது தெரியவரும், அன்றைக்கு எல்லார் முன்னாலும் எழுந்து, ‘என் படிவத்தில் இது இருந்தது’ என்று நிதானமாகச் சொல்லுவேன் என்று நினைத்துக்கொண்டேன். “நல்லா வந்திருக்குது, குடுத்துருங்க” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

புதுப் படிவம் வந்த இரண்டாவது வாரமே என் மூக்கு உடைந்தது. பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு பெரியவர். பல மாதம் நான் பார்த்துவந்த வீடு, அவள் சேர்ந்த பிறகு அவளுக்கு மாறியிருந்தது. அவள் போய், எப்போது புரட்டிப் படுக்க வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். முந்தாநாளுங்க என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். உடனே முதுகைப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதே வீட்டுக்கு நான் எழுதிய பழைய படிவங்களில் வாரம் தவறாமல் ‘புண்கள் இல்லை’ என்று இருந்தது. டாக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பார்த்து மட்டும், நல்ல வேளைம்மா என்றார்.

எனக்கு ஒதுக்கியிருந்த வீடுகளில் ஒன்று நாமகிரிப்பேட்டை தாண்டி ஒரு தோட்டத்து வீடு. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். ஆள் நல்ல கனம். அவரைத் தூக்கி, துடைத்து, புரட்டி, ஊட்டி, நடுவில் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறவள் அவர் மனைவி ஒருத்திதான். ஒட்டி உலர்ந்த உடம்பு. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவாள்.

அந்த வாரம் நான் போனபோது அவள் வலது காலில் துணி கட்டியிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். துணியின் ஓரம் ஈரமாக இருந்தது. நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது அவள் கால் இல்லை. வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை. ‘இதோ, அந்த ஓட்டை’ என்றுதான் மனம் துள்ளியது. பதினொரு கேள்விகளையும் ஒன்று விடாமல் கேட்டேன், பதினொன்றுக்கும் சுத்தமாகப் பதில் எழுதினேன். காலைப் பற்றி எழுதக் கட்டம் இல்லை. எழுதவில்லை. இன்னும் கொஞ்சம் முற்றட்டும், அப்புறம் பேசினால்தான் எடுபடும் என்றுகூட நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே செய்தேன்.

மூன்றாவது வாரம் அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். அக்கம்பக்கத்துக் காட்டில் ஆள் இல்லை. மத்தியானம் ஆடு மேய்க்க வந்தவர்கள் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். அதுவரை வீட்டுக்குள் அவர் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கிறார். நாமக்கல் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுதான் அவளுக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. புண் உள்ளே ஓடிவிட்டது. இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள்.

அந்த ஞாயிறு யாரும் மோர் குடிக்கவில்லை. டாக்டர் அந்த வீட்டுப் படிவங்களை எடுத்துப் படித்தார். என் கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தது. லாரி ஆபீஸ்காரிதான் எழுந்தாள்.

“என்ற தப்புதானுங்க,” என்றாள். “டிரிப் ஷீட்ல வண்டியப் பத்திக் கேப்போம், லோடப் பத்திக் கேப்போம். ஓட்டறவனப் பத்திக் கேக்கறதில்லீங்க. அந்தப் பழக்கத்துலயே இதையும் எழுதிட்டனுங்க.”

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. இரண்டு பேர் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேண்டும் என்றார் டாக்டர். நான் காத்திருந்த நேரம் அதுதான். எழுந்து, ‘என் படிவத்தில் இருந்தது’ என்று சொல்ல வேண்டிய நேரம். என்னால் எழ முடியவில்லை. வெட்கம் ஒருபக்கம் இருக்கட்டும், அப்போதும் எனக்குள் பெரிதாக இருந்தது பொறாமைதான். என் குற்றத்துக்குக் கிடைக்க வேண்டியதைக்கூட அவள் வாங்கிக்கொண்டுவிட்டாளே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து பழைய படிவங்களை எடுத்தேன். எனக்காவது நிரூபித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தோட்டத்து வீட்டுக் கட்டைப் பிரித்து மூன்றாம் பக்கங்களை மட்டும் பார்த்தேன். பராமரிப்பவரின் உடல்நிலை: நலம். நலம். நலம். ஒரு வருஷத்துக்கு மேல், எல்லாம் என் கையெழுத்து. நான் கேட்டிருப்பேன், அவள் ஒண்ணுமில்லீங்க என்று சொல்லியிருப்பாள், நான் எழுதிக்கொண்டு கிளம்பியிருப்பேன். இதைத்தான் பெரிய புதையல் மாதிரி லாரி ஆபீஸ்காரியிடமிருந்து ஒளித்துவைத்திருந்தேன்.

மறுநாள் காலை அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு லாரி ஆபீஸுக்குப் போனேன். அவள் யாருக்கோ ஷீட் எழுதிக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அச்சுக்கு முன்பே எனக்குத் தெரியும் என்பதை, காலில் துணியைப் பார்த்ததை, இரண்டு வாரம் சும்மா இருந்ததை. அவள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடினாள்.

“சீட்டுல எடமில்லீன்னா வாயி இருந்துச்சுல்லீங்கக்கா,” என்றாள்.

அவ்வளவுதான். உட்காரச் சொல்லவில்லை. அடுத்த டிரைவரைக் கூப்பிட்டாள். டாக்டரிடம் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன்; அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு புதுப் படிவம் வந்தது. பதினொன்று பதின்மூன்று ஆகியிருந்தது. பன்னிரண்டாவது, வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு: ‘நேத்து நீங்க எப்பச் சாப்பிட்டீங்க, ராத்திரி எத்தன தடவ எந்திரிச்சீங்க?’ பதின்மூன்றாவது கேள்வி வீட்டாருக்கு இல்லை, படிவத்தை எழுதுகிறவருக்கு: ‘இந்தச் சீட்டுல கேக்காத எதையாவது நீங்க கண்ணுல பாத்தீங்களா?’ அதற்குக் கீழே நான்கு வரிக்கு வெற்றிடம். டாக்டர் இரண்டு முறை படித்தார். இந்த மாதிரி ஒரு கேள்வியை எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை என்றார். எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அது யாருக்காக எழுதப்பட்டது என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அப்போதும், வெட்கக்கேடு, இதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

ஆஸ்பத்திரியிலிருந்து பக்கவாதக்காரரின் மனைவி தோட்டத்துக்குத் திரும்பிய வாரம் நான் போனேன். வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்துவிட்டு, கேட்காமல் போனேன். கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தங்கை வந்து பார்த்துக்கொள்கிறாள் என்றாள். காலைச் சரியாக ஊன்ற முடியாத அந்த நிலையிலும், தங்கையைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். பன்னிரண்டாவது கேள்வியைக் கேட்டதும் விரல்விட்டு எண்ணி, “நாலு தடவைங்க” என்றாள். பிறகு அவளாகவே பேசினாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“அன்னிக்கி நீங்க என்ற காலப் பாத்தீங்கல்லீங்க. பாத்துட்டாங்க, எப்படியும் வேன் வந்துரும்னு இருந்தனுங்க. அதான் நானா ஒண்ணும் சொல்லுல.”

குற்றம் சொல்கிற குரலே இல்லை. நடந்ததைச் சொன்னாள். நான் சொம்பைக் கீழே வைத்தேன். ஆமாம், பார்த்தேன், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் முகத்தைக் கணவர் கட்டில் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பதின்மூன்றாவது கேள்விக்குக் கீழே, அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதினேன். அதன் கீழே நான் சொன்னதையும் எழுதினேன். நான்கு வரி போதவில்லை, ஓரத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் அதை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.