நான் எரித்த பதிவேடு

வல்லத்திராக்கோட்டைப் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்த வேகத்தில், கரையான் அரித்த வருகைப் பதிவேட்டைப் புது நோட்டில் படியெடுத்துவிட்டு, பழையதை எரித்துவிட்டேன். மறு வருஷமே ஒருவர், பள்ளி நிலம் தன்னுடையது, முன்பு அங்கே பள்ளியே இல்லை என்று வழக்குப் போட்டார்.

கோர்ட்டில் அவருடைய வக்கீல், "போன வருஷந்தான் வேலைக்கு வந்தீங்க. இருவது வருஷத்துப் பதிவு ஒங்க கையெழுத்துல இருக்கே, சார்?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி நோட்டை ஒதுக்கிவிட்டார்.

குஷியான வக்கீல், தன் கட்சிக்காரரின் அக்காளையும் சாட்சிக்கு அழைத்தார். அவரோ, "அங்கனதானுங்க நானும் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சேன்" என்றார்.

வெளியே வந்ததும் ஓடிப்போய்க் காரணம் கேட்டேன்.

"தம்பிக்காகத்தான் வந்தேன். கூண்டுல ஏத்திச் சத்தியம் வாங்கிப்புட்டாகளே!"

நிலம் பள்ளிக்கே என்று தீர்ப்பானது. எதையும் துருவிக் கேட்கும் நான், அதன்பிறகு தம்பி வீட்டுக்குப் போனீர்களா என்று மட்டும் அந்த அம்மாளிடம் கேட்கவே இல்லை.